வெள்ளைப் பூச்சுக்குள் போன ரயில்

வைகாசியில் வந்த மருமகள். இப்போது ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. இன்றுவரை அனுசியாவால் அவளை உருப்படியாக ஒரு வார்த்தை திட்ட முடியவில்லை.

திட்டுவதற்கு விஷயம் இல்லாமல் இல்லை. சோறு வடித்த கஞ்சியைக் கொட்ட விடாமல் ஏனத்துக்கு ஏனம் மூடிவைத்துப் புளிக்க விடுகிறாள். மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வறுக்கச் சொல்லிக் கொடுத்தால் வேகவைத்து எடுத்து வருகிறாள். துடைப்பத்தை நட்டமாக நிறுத்துகிறாள். அனுசியா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "ஏண்டி, உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்குது?" என்று தொண்டையைத் திறந்தால், அவள் நிமிர்ந்து பார்த்து, என்னவோ நல்லது சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று சிரித்துவிடுவாள். சிரிக்கிற முகத்தைப் பார்த்து எவ்வளவு நேரம்தான் கத்துவது? மாமியார் என்ற பதவி கைக்கு வந்தும் அதிகாரம் வரவில்லையே என்று அனுசியாவுக்கு உள்ளுக்குள் குறைதான்.

மருமகள் பேர் தமயந்தி. பேரைக் கேட்டால் அடுத்த தெருப் பெண் போல இருக்கும். ஆனால் பேசுவது ஒடிசாவின் மலைக்காட்டுப் பேச்சு. அனுசியாவின் ஒரே மகன் ராஜ்மோகன் போர்வெல் வண்டியோடு அந்தப் பக்கம் போனவன். தண்ணீருக்குக் குழி போட்ட ஊரிலேயே ஒரு பெண்ணைப் பார்த்து, தாலியும் கட்டி, விருத்தாசலத்துக்குக் கூட்டி வந்துவிட்டான். வந்தவன் ஆனி கடைசிவரை வீட்டில் இருந்தான். பிறகு முதலாளி கூப்பிட்டார் என்று வண்டியேறிப் போய்விட்டான். இரண்டு பக்கமும் பாஷை தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவன் இருக்கிற காட்டில் செல்போனுக்கு டவர் கிடையாது. வண்டி ஏதாவது ஊர்ப்பக்கம் ஒதுங்கினால் கூப்பிடுவான்.

கூப்பிட்டால் தமயந்தி போனை வாங்கிக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போவாள். பேசுவாள், அழுவாள், சிரிப்பாள், மறுபடியும் பேசுவாள். கடைசியில் போன் அனுசியாவின் கைக்கு வரும்.

"என்னாடா சொன்னா?"

"ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்குறாளாம்."

"அம்மாம் நேரம் பேசுனாளே, அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

"பாதிய நீயே முழுங்கிட்டு மீதிய எனக்குச் சொல்றியா? அழுதாளே, அது எதுக்கு?"

"அது சும்மா... யம்மா, டவரு போவுது, வெச்சுடறேன்."

பொம்மைக் கம்பெனியில் அனுசியாவோடு வேலை பார்க்கும் வேல்விழி, "யக்கா, இதுக்குப் போயி எதுக்கு ரோசனை? போனே மாத்திச் சொல்லும்" என்று தன் செல்லைத் தமயந்தியின் வாயருகே நீட்டிப் பார்த்தாள். தமயந்தி பேசியது அந்தப் போனுக்குத் தெரிந்த ஒடியாவும் இல்லை, இந்தியும் இல்லை. கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மன்னிக்கவும், மீண்டும் முயலவும் என்று அது செந்தமிழில் சொன்னது. "இதுவே மன்னிப்புக் கேக்குது, நான் எம்மாத்திரம்" என்று அனுசியா எழுந்து வேலையைப் பார்க்கப் போனாள்.

வீட்டில் தனியாக விட மனசு வராமல்தான் தமயந்தியைக் கம்பெனிக்குக் கூட்டிப் போக ஆரம்பித்தாள். கோதண்டபாணியின் பொம்மைக் கம்பெனி, செராமிக் எஸ்டேட்டில் கடைசி வரிசையில் இருக்கிறது. அனுசியா அங்கே பொம்மைகளுக்குக் கண்ணும் மூக்கும் எழுதுகிறவள். தமயந்தியை அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்குப் பிசிறு சீவும் பலகையில் உட்கார வைத்தார்கள். கையில் ஒரு சின்னக் கத்தி, பக்கத்தில் ஈரப்பஞ்சு.

அங்கே போன பிறகுதான் ஒரு வேடிக்கை நடந்தது. கம்பெனியின் நடுவில் பால்மில் ஓடும். மண்ணையும் கூழாங்கல்லையும் போட்டு உருட்டுகிற பெரிய இரும்புப் பீப்பாய். அது உருள ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவள் காதில் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை பார்க்கும் பொம்பிளைகள் எல்லாரும் காலங்காலமாகக் கையாலேதான் பேசுகிறார்கள். மணிக்கட்டைத் தட்டினால் டீ. மேலுதட்டில் விரலை வைத்து முறுக்கினால் முதலாளி வருகிறார். காது மடலைக் கிள்ளினால் பொம்மையில் விரிசல். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தால், இன்றைக்கு எனக்கு முடியவில்லை, பாரமெல்லாம் நீ தூக்கு. வீட்டில் ஊமையாக இருந்த தமயந்தி அங்கே போய் வாயாடி ஆகிவிட்டாள். முதலாளிக்கு மீசை போதாது என்று அவருடைய தொப்பையையும் நடையையும் சேர்த்து அவள் ஒரு ஜாடை உண்டாக்கினாள். இப்போது எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள்.

படம் போட ஆரம்பித்ததும் அவள்தான். முதல் சூடு கண்டு, மேல்பூச்சு இல்லாமல் வெள்ளையாக இருக்கும் பீங்கானுக்குக் கம்பெனியில் பிஸ்கட்டு என்று பேர். உடைந்த பிஸ்கட்டுத் துண்டுகள் மூலையில் குவிந்து கிடக்கும். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தமயந்தி ஒரு துண்டை எடுத்தாள், அனுசியாவின் தூரிகையை வாங்கினாள், ஒரு மாடு வரைந்தாள். மாட்டின் கழுத்தில் பெரிய மரமணி. பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அனுசியாவுக்கு அப்படியொரு சந்தோஷம். "அடியே, உங்க வூட்டு மாடா?" என்றாள். அவளும் ஒரு துண்டை எடுத்து, சின்ன வயதில் செத்துப்போன தன் கிடாரிக் கன்றை வரைந்து காட்டினாள். மூன்று மாதமாக ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் அன்றைக்குத்தான் பேசிக்கொண்டார்கள்.

அதிலிருந்து அனுசியாவுக்கு இதே நினைப்பு. எதை வரையலாம், எதை வரைய முடியாது? மாட்டை வரையலாம், மழையை வரையலாம், பசியைக்கூட வரையலாம். நாளைக்கு என்பதை எப்படி வரைவது? பொங்கலுக்கு ராஜ்மோகன் வருவான் என்று சொல்ல, பொங்குகிற பானையையும் கரும்பையும் பக்கத்தில் மகனையும் வரைந்தாள். தமயந்தி பார்த்துவிட்டு, அவன் அங்கே சமையல் செய்துகொண்டிருக்கிறான் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். கேள்வியை வரைய முடியாது. படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு புருவத்தைத் தூக்கினால் அது கேள்வி. 'இல்லை' என்பதை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். உப்பு தீர்ந்துபோன அன்று, தமயந்தி உப்புக் குவியலை வரைந்து, பஞ்சால் ஒரே இழுப்பாகத் துடைத்தாள். வரைந்து துடைத்தால் இல்லை. வேண்டாம் என்பதற்கும் அதுதான்.

இப்படித்தான் ஒரு நாள் பிஸ்கட்டுத் துண்டில் ஒரு பொம்பிளை உருவம் வந்தது. அவள் வயிற்றுக்குள் கட்டைவிரல் பருமனில் இன்னொரு உருவம். அனுசியா படத்தைப் பார்த்தாள், தமயந்தியின் முகத்தைப் பார்த்தாள்.

"எம்மாடி! என் ராசாத்தி! நான் பாட்டியாவப் போறேன்டி!"

அவள் கூவிய அதே நேரம் யாரோ பால்மில்லை நிறுத்தியிருந்தார்கள். கம்பெனி முழுக்கக் கேட்டது. கோதண்டபாணி ஆபீஸ் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அனுசியா, பாட்டியாவு, வேணாங்கல. பொம்மைக்குக் கண்ண எழுதிட்டு ஆவு" என்றார்.

ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டிருந்தபோது தமயந்தி அந்தப் பெரிய படத்தைப் போட்டாள். உடைந்த துண்டில் இல்லை, கோதண்டபாணியிடம் ஜாடையில் கேட்டு வாங்கிய, பூச்சுப் போடாத முழுப் பீங்கான் ஓட்டில். ஒரு பக்கம் மலையும் குடிசையும். மறுபக்கம் கிரில் கேட்டும் முருங்கை மரமுமாக அனுசியாவின் வீடு. நடுவில் ஒரு ரயில். ரயிலின் ஜன்னலில் ஒரு முகம்.

அதை அனுசியாவின் மடியில் வைத்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினாள்.

அனுசியாவுக்குப் புரிந்தது. ஊருக்குப் போகிறேன் என்கிறாள். தலைப்பிரசவம், தாய்வீட்டுக்குப் போவது முறைதான். ஆனால் எந்தத் தாய்வீடு? ரயில் மாறி ரயில் ஏறி, அப்புறம் பஸ் ஏறி, அப்புறம் மலை ஏற வேண்டும். ஆஸ்பத்திரி எங்கே இருக்குமோ? போனவள் திரும்பி வருவாளோ? பாஷை தெரியாத வீட்டுக்குக் கைக்குழந்தையோடு எவள் திரும்பி வருவாள்? ஓட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். வரைந்த ரயிலுக்குப் போகிற ரயில், வருகிற ரயில் என்று வித்தியாசம் தெரிவதில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் அது நின்றுகொண்டுதான் இருக்கிறது.

ஆயிரக்கணக்கான பொம்மைகளுக்கு மூக்கு எழுதியவள் அவள். கண் தானாக மூக்குக்குத்தான் போனது. ஜன்னல் முகத்தின் மூக்கில் இரண்டு பக்கமும் பொட்டுப் பொட்டாக மூக்குத்தி. தமயந்திக்கு ஒரு பக்கம்தான். இரண்டு பக்கமும் குத்தியிருந்தது யார்? ராஜ்மோகன் செல்லில் காட்டிய கல்யாண போட்டோவில், மஞ்சள் புடவைக்காரி, பெண்ணின் அம்மா! இப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. முருங்கை மரத்து வீட்டுக்குள் வயிறு பெருத்த ஒருத்தி படுத்திருக்கிறாள். அப்படியானால் தமயந்தி இங்கேதான் இருக்கிறாள். ரயில் இந்தப் பக்கம்தான் வருகிறது. அம்மா வரட்டுமா என்று கேட்கிறாள்.

அனுசியாவுக்கு மூச்சு வந்தது. வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்பதை எப்படி வரைவது என்று தெரியாமல், மருமகளின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்து ஓட்டைப் பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்காரர் கொளஞ்சிநாதன் எஸ்டேட்டின் பொதுச் சூளையில் நெருப்புப் பார்க்கிறவர். பல கம்பெனிச் சாமான்களும் இறுதிச் சூட்டுக்கு அங்கேதான் வண்டியில் போகும். சுட்டானதும் அங்கிருந்தே கட்டுக்கட்டி அனுப்பிவிடுவார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் கேழ்வரகுக் களியை உருட்டிக் கருவாட்டுக் குழம்பில் தோய்க்கும்வரை அனுசியா பொறுத்தாள். தமயந்தியும் களியைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஊரிலும் கேழ்வரகுதான். இந்த வீட்டில் அவளுக்கு முதல்நாளே அடையாளம் தெரிந்த ஒரே பொருள் அதுதான்.

"இந்தாங்க, பிரசவத்துக்கு அவ அம்மாவ இங்க வரச் சொல்லட்டான்னு கேக்குறா."

"யாரு கேட்டா? எப்பிடிக் கேட்டா?"

"கேட்டா, உங்களுக்கு என்னா அது. வரச் சொல்லலாமா?"

"தலைப்பிரசவம் தாய் வூட்டுலதான் பாக்கணும். அது மொறை."

"மொறைதான். அந்த மலையில பாத்து ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா மொறை வந்து காப்பாத்துமா? இங்க பெரியாஸ்பத்திரி பக்கத்துல இருக்குது."

"அப்ப ஆஸ்பத்திரியில பாரு. நான் வேணான்னனா? சம்மந்தியம்மாளக் கொண்டாந்து மாசக்கணக்குல வூட்டுல வெச்சுக்கிறதுன்னா ஊருல என்னா சொல்லுவான்? கருவேப்பிலங்குறிச்சியில எங்க அக்கா இருக்குது. அதுக்குத் தெரிஞ்சா பஸ்ஸு புடிச்சு வந்து காறித் துப்பும்."

"உங்க அக்கா துப்புறதுக்குன்னே எச்சியச் சேத்து வெச்சிருக்கும். ஒரு பொண்ணு ஆத்தாளத் தேடுது, அதப் பாப்பீங்களா?"

"ஏய், ஒண்ணுகிட்ட பேசவே இங்க கதகளி ஆட வேண்டியிருக்குது. இன்னொண்ணும் வந்தா நான் எங்க போயி நிப்பேன்? சூளையிலயா படுத்துக்கிறது?"

"படுத்துக்கங்க. குளிருக்கு நல்லது."

"பேச்ச வுடு. வேணாம்னா வேணாம்."

தமயந்தி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அனுசியா அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் கொளஞ்சிநாதன் பயந்திருக்க வேண்டும். அவரோ இன்னொரு உருண்டை களி கேட்டார்.

மறுநாள் கம்பெனியில் அனுசியா அந்த ஓட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். யாருக்கும் தெரியாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு, முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு உருவம் எழுதினாள். கொண்டை போட்ட, தன்னைப் போலவே மூக்கு கொஞ்சம் தடித்த ஒருத்தி. கிரில் கேட்டுக்கு வெளியே வந்து நிற்கிறாள். ரயிலைப் பார்த்து நீட்டிய கையில் ஒரு சொம்புத் தண்ணீர். வந்தவர்களுக்கு முதலில் சொம்புத் தண்ணீர் கொடுப்பது எந்த ஊரிலும் புரியும் என்று நினைத்தாள். புருசன் வேண்டாம் என்றதற்குப் பதிலை அவர் கையாலேயே சுட்டு எடுக்கப் போகிறோம் என்று நினைக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. துடைத்தால் போய்விடும் படமாக இது இருக்கக் கூடாது. பிள்ளை பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டி, அதுவும் பார்க்க வேண்டும்.

பின் கொட்டகைக்கு எடுத்துப் போனாள். அங்கேதான் கிளேசுத் தொட்டி இருக்கிறது; பிசிறு சீவுகிறவர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. கிளேசு என்பது பீங்கானின் மேல் பளபளப்பாக நிற்கிற பூச்சு. தொட்டியில் இருக்கும்போது அரிசிமாவு கரைத்ததுபோல வெள்ளை வெளேரென்று இருக்கும். சூளையில் உருகினால்தான் கண்ணாடியாகத் தெளிந்து, அடியில் இருக்கும் எழுத்தைக் காட்டும். கம்பெனிக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொட்டியில் முக்குகிறது என்றால் அழியாமல் காப்பது என்றுதான் அவர்கள் கைக்குத் தெரியும்.

அனுசியா ஓட்டை இடுக்கியால் பிடித்து ஒரு முக்கு முக்கி எடுத்தாள். மலை, ரயில், வீடு, சொம்பு எல்லாம் போய், வெறும் வெள்ளை ஓடு கையில் இருந்தது. திருப்தியாகத் திரும்பினாள்.

கொட்டகை வாசலில் தமயந்தி நின்றிருந்தாள். பதில் என்னவென்று பார்க்கப் பின்னாலேயே வந்திருக்கிறாள். அனுசியா வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். தமயந்தி சிரிக்கவில்லை. வெள்ளையான ஓட்டையே பார்த்தாள். பிறகு தன் பலகைக்குப் போய்விட்டாள். வெட்கப்படுகிறாள் என்று அனுசியா நினைத்துக்கொண்டாள். பாவம், அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

சாயங்காலம் அந்த ஓட்டையும் சாமான் வண்டியில் ஏற்றிச் சூளைக்குக் கொண்டு போனாள். "இத மட்டும் பதனமா வெய்யுங்க" என்று கொளஞ்சிநாதன் கையிலேயே கொடுத்தாள். "என்னாது இது?" என்று அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளைதான் தெரிந்தது. மேல்தட்டில், பிள்ளையார் பொம்மைகளுக்கு நடுவில் அதை நிறுத்தி வைத்தார்.

அன்று முதல் தமயந்தி சரியாகச் சாப்பிடவில்லை. களியைக் கிள்ளிவிட்டு எழுந்தாள். கம்பெனியில் கையால் பேசுவதையும் விட்டுவிட்டாள். அனுசியா ஒரு பிஸ்கட்டுத் துண்டையும் தூரிகையையும் நீட்டினால் மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

"வேல்விழி, இவளுக்கு என்னாடி ஆச்சு? மசக்கையா?"

"மசக்கைன்னா வாந்தி எடுக்கணுமேக்கா. இது கோவம் மாதிரி இருக்குது."

"கோவப்பட நான் என்னா பண்ணேன்? இன்னும் ஒரு தபா கூட முழுசாத் திட்டலியே."

"அதுதான் கோவமோ என்னமோ."

ராஜ்மோகனுக்குப் போட்டுப் பார்த்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறான் என்று ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள். எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவளுக்கு மட்டும் அலுக்கவில்லை.

சூளை ஆறுவதற்காகக் காத்திருந்த நாள் காலையில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பால் வாங்கப் போன அனுசியா திரும்பி வந்தபோது, தமயந்தி நனைந்த தலையோடு வாசல் சிமெண்டுத் தரையில் நின்றிருந்தாள். தோளில் இந்த வீட்டுக்கு முதன்முதலில் வந்தபோது கொண்டு வந்த அதே சிவப்புப் பை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கையைக் காட்டினாள்.

அனுசியா பால் தூக்கைக் கீழே வைத்தாள். கையைப் பிடித்தால் உதறுவாள், காலைப் பிடிக்க மாமியாருக்கு மனசு வராது. வேறு வழி தெரியாமல் பையைப் பிடுங்கித் தரையில் போட்டு அதன்மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"போடி பாக்கலாம்! எங்க போவ? வவுத்துப் புள்ளயோட ரயில்ல அலஞ்சு எங்கயாவது வுழுந்து தொலஞ்சன்னா என் மவனுக்கு நான் என்னாடி பதிலு சொல்லுவேன்? சொல்லுறதுக்கு ஒரு வாய் இல்ல, கேக்குறதுக்கு ஒரு காது இல்ல. கஞ்சியப் புளிக்க வுட்டு வூடெல்லாம் நாறடிச்ச, வாயத் தொறந்தனா? மல்லாட்டய அவிச்ச, தின்னன்ல? உனக்கு நான் என்னாடி கொற வெச்சேன்?"

சேர்த்து வைத்த திட்டெல்லாம் அழுகையோடு வந்தது. தமயந்தியும் சும்மா இருக்கவில்லை. அவளும் அவள் பாஷையில், கையை நீட்டி நீட்டி, கண்ணீரும் மூக்குச் சளியுமாகத் திட்டித் தீர்த்தாள். தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்திக் கேட்டுவிட்டு, சண்டை தரமானதுதான், ஆனால் விஷயம் பிடிபடவில்லை என்று போய்விட்டார்.

மூச்சு வாங்கியபோது தமயந்தி தரையில் உட்கார்ந்தாள். நனைந்த கூந்தலில் விரலைத் தோய்த்து, தூறல் படாமல் காய்ந்திருந்த சிமெண்டில் வரைந்தாள். மலை, ரயில், முருங்கை மரம். பிறகு ஜன்னல் விளிம்பில் கொட்டாங்கச்சியில் இருந்த கோலமாவை ஒரு கை அள்ளி அதன்மேல் கொட்டினாள். எல்லாம் வெள்ளை ஆயிற்று. அனுசியாவைச் சுட்டிக் காட்டினாள். நீ செய்தது இது.

அனுசியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. துடைத்தால் இல்லை. அதை இவளோடு சேர்ந்து கண்டுபிடித்ததே நான்தானே!

"அடிப் பாவிப் பொண்ணே! அழிச்சேன்னா நெனச்ச? உன் ஆத்தா வர வேணாம்னா சொன்னேன்? அது கிளேசுடி! அடியில இருக்குதுடி!"

அடியில் இருக்கிறது என்பதற்கு ஜாடை என்ன? தலையில் அடித்துக்கொண்டாள். கோலமாவைத் தள்ளிக் காட்டலாம் என்று குனிந்து, கை பட்டால் கோடு கலைந்துவிடும் என்று வாயால் பலமாக ஊதினாள். மாவு பறந்தது. ஈரக் கோடுகளில் ஒட்டியது மட்டும் பறக்கவில்லை. மலையும் ரயிலும் முருங்கை மரமும் வெள்ளைக் கோடாகத் தரையில் கிடந்தன.

இரண்டு பேருமே அதை எதிர்பார்க்கவில்லை. தமயந்தி குனிந்து பார்த்தாள். ரயிலின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். அனுசியா அவள் முகவாயைத் திருப்பி, தூரத்தில் புகை விடாமல் நின்ற சூளையின் புகைபோக்கியைக் காட்டினாள். அங்கே. அதே மாதிரி. தமயந்தி நம்பினாளா என்றால் இல்லை. ஆனால் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பையை அனுசியா தூக்கிக்கொண்டாள். கையை விட்டு அதை இறக்குவதாக இல்லை.

சூளையில் கொளஞ்சிநாதன் வாசலை அடைத்திருந்த செங்கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொறங்க."

"என்னா தொறங்க? உள்ள இன்னும் சூடு இருக்குது. இப்பத் தொறந்தா காத்துப் பட்டு எல்லாம் படார் படார்னு வெடிச்சிடும். அது என்னா பையி? எங்க கெளம்பிட்டீங்க ரெண்டு பேரும்?"

"எங்கயும் கெளம்பல. எப்பத் தொறப்பீங்க?"

"மத்தியானம் ஆவும். என்னாடி வெச்ச அந்த ஓட்டுல?"

"தொறந்தா தெரியும்."

மூவரும் சூளைச் சுவரின் இளஞ்சூட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். வேல்விழி டீயும் பன்னும் வாங்கி வந்தாள். தமயந்தி பன்னை டீயில் நனைத்து முழுசாகச் சாப்பிட்டாள். அதைப் பார்த்த அனுசியா தன்னுடைய பன்னில் பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டினாள். அவள் அதையும் வாங்கிக்கொண்டாள். பூச்சு உருகிப் படத்தோடு ஓடியிருந்தால் என்ன செய்வது, வெடித்திருந்தால் என்ன செய்வது என்று அனுசியா டீயை ஆறவிட்டுச் செங்கல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் தாண்டி, கொளஞ்சிநாதன் செங்கற்களை ஒவ்வொன்றாக உருவினார். சூடான காற்று முகத்தில் அடித்தது. உள்ளே பிள்ளையார்களும் கிருஷ்ணர்களும் ஈரம்போலப் பளபளத்தார்கள். கம்பெனியில் கறுப்பு வேட்டி எழுதிப் பூச்சில் முக்கி அனுப்பியவர்கள் எல்லாரும் நீல வேட்டியோடு நின்றார்கள். சுடுவதற்கு முன் கறுப்பாக இருந்து, சூட்டில் நீலமாகிற சாயம் அது. கறுப்புப் பொம்மை வேறு, ஆபீஸ் அறையில் பார்த்த நீலப் பொம்மை வேறு என்று இத்தனை நாள் நினைத்திருந்த தமயந்தி வாயைப் பிளந்தாள்.

கொளஞ்சிநாதன் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு ஓட்டை எடுத்தார். எடுத்தவர் அதை யாருக்கும் கொடுக்காமல் தானே பார்த்துக்கொண்டு நின்றார். அனுசியா எட்டிப் பிடுங்கி, முந்தானையில் ஏந்தி மருமகள் முன்னால் நீட்டினாள்.

மலை நீலமாக இருந்தது. ரயில் நீலமாக இருந்தது. பூச்சு ஓர் ஓரத்தில் வழிந்து முருங்கை மரம் கொஞ்சம் அழுததுபோல இருந்தது, அவ்வளவுதான். ஜன்னலில் இரண்டு மூக்குத்தியும் அப்படியே. தமயந்தியின் விரல் ஜன்னலிலிருந்து மெல்ல நகர்ந்து வீட்டுக்கு வந்தது. அங்கே தான் வரையாத ஒருத்தி நிற்பதைப் பார்த்தாள். கொண்டை, தடித்த மூக்கு, நீட்டிய கையில் சொம்பு. அனுசியாவின் மூக்கை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் ஓட்டைப் பார்த்தாள். பிறகு ஓட்டோடு சேர்த்து அனுசியாவைக் கட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதாள். அனுசியாவும் அழுதாள். ஓடு இன்னும் சூடாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் விடவில்லை.

"ஓகோ" என்றார் கொளஞ்சிநாதன். "நான் வேணாம்னு சொன்னத என் சூளையிலயே வெச்சு வேவ வெச்சிருக்கீங்க."

"ஆமா. இப்ப என்னாங்கிறீங்க?"

அவர் குனிந்து ஓட்டைத் திரும்பவும் உற்றுப் பார்த்தார். வீட்டைச் சுற்றி விரலால் துழாவினார். மரத்தடியில் தேடினார். ரயிலுக்குப் பின்னால்கூடத் தேடினார்.

"ஏண்டி, எல்லாரும் இருக்குறீங்க. நான் எங்க?"

அவர் தன் நெஞ்சைத் தட்டிக்கொண்ட விதத்தில் தமயந்திக்கு அது யாரும் சொல்லாமலே புரிந்துவிட்டது. மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். சூளை வாயில் கிடந்த கரித்துண்டு ஒன்றை எடுத்தாள். சூளைச் சுவரில் அவரைப் போலவே ஒரு மீசைக்காரரை வரைந்தாள். ரயிலடியிலிருந்து முருங்கை மரத்து வீட்டைப் பார்த்து அவர் வேகமாக நடந்து வருகிறார். தலையில் சம்மந்தியம்மாளின் மூட்டை. கையில் இன்னொன்று.

கொளஞ்சிநாதன் அதை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் ஈரப்பஞ்சு ஒன்று கிடந்தது. எடுத்தார். அனுசியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கைமூட்டையை மட்டும் துடைத்துவிட்டு, அவர் தலைமூட்டையை அப்படியே விட்டார்.